கவ்வாத்துச் சாமிக்குப் பக்கத்தில் இரண்டு கோடு சிக்னல்

ஹட்டன் பக்கம் போகிறேன் என்று சொன்னாலே கொழும்பில் இருப்பவர்கள், "சிவனொளிபாதமலையா, ரயில் பயணமா?" என்று கேட்பார்கள். இம்முறை இரண்டும் இல்லை. போன மாதம் ஒரு சனிக்கிழமை, வட்டகொடைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் நடந்த காதுகுத்துக்குப் போனேன். அழைத்தவள் ஜெயந்தி. கொழும்பில் நான்கு வருடம் என்னோடு ஒரே அறையில் தங்கி ஆடைத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனவள், இப்போது கல்யாணமாகித் தோட்டத்தில் இருக்கிறாள். அவளுடைய ஐந்து வயது மகள் தாரணிக்குத்தான் காதுகுத்து.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு என் புத்தி தெரியும். பேருந்து நேரம், கட்டணம், கழிப்பறை எங்கே என்பதைத்தான் முதலில் எழுதுவேன், அழகை மற்றவர்கள் எழுதிக்கொள்ளட்டும். இந்தப் பதிவில் அவற்றோடு இன்னொன்றும் சேர்கிறது. மலையகத்தில் ஒரு தொலைபேசிக் கம்பனியின் வலையமைப்பு மொத்தமாகப் படுத்துவிட்டால் வெளிநாட்டுக்கு இணைய அழைப்பு எடுப்பது எப்படி? இதை எழுத எனக்குக் கொஞ்சம் தகுதியும் உண்டு. நான் பிழைப்பது ஓர் இணைய நிறுவனத்தின் தமிழ் வாடிக்கையாளர் சேவையில். "போனை ஒருமுறை ஓஃப் பண்ணி ஓன் பண்ணிப் பாருங்க" என்று நாள் முழுக்கச் சொல்லிச் சம்பளம் வாங்குகிறவள்.

வெள்ளி மாலை கொழும்பிலிருந்து சாதாரணப் பேருந்தில் ஹட்டன். ஐந்து மணி நேரம் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள், கினிகத்தேனைக்கு மேலே மூடுபனி இருந்தால் இன்னும் அரைமணி. பேருந்து நிலையத்துக்கு நடந்துபோகும் தூரத்தில் ஒரு தங்குமிடம், இரவுக்கு 2,500 ரூபாய், சுடுதண்ணீர் காலையில் மட்டும். சனி காலை ஏழு மணிக்குத் தலவாக்கலைப் பேருந்து. கொட்டகலை தாண்டியதும் இடப்பக்கம் உட்கார்ந்தால் டெவன் நீர்வீழ்ச்சி தெரியும் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். நானும் இடப்பக்கம்தான் உட்கார்ந்தேன், எனக்குத் தெரிந்தது பனி மட்டுமே. தலவாக்கலையில் ரொட்டியும் கட்டச்சம்பலும் ஒரு பிளேன்டீயும் சாப்பிட்டுவிட்டுப் பூண்டுலோயாப் பேருந்தில் ஏறினேன். அது வட்டகொடை வழியாகத்தான் போகும், அரைமணிக்குள் இறக்கிவிடுவார்கள்.

அந்தப் பேருந்தில்தான் என் தொலைபேசியில் இணையம் போனது. வளைவில் சிக்னல் போவது புதிதில்லை. நானும் மலையகத்துக் கந்தப்பளைக்காரி, இதெல்லாம் பழக்கம். ஆனால் வட்டகொடைச் சந்தியில் இறங்கி, ரயில் நிலையம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் நின்றும் வரவில்லை. அழைப்பும் போகவில்லை. என் வேதவாக்குப்படி ஓஃப் பண்ணி ஓன் பண்ணினேன். ஒன்றும் நடக்கவில்லை.

சந்தியில் நின்ற முச்சக்கரவண்டிக்காரர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "சும்மா தட்டாதீங்க மிஸ். எட்டு மணிக்கே டவரு படுத்துருச்சு. தலவாக்கலையில இருந்து இந்தப் பக்கம் முழுக்க இதே கததான்."

"எப்ப வருமாம்?"

"அத டவருகிட்டதான் கேக்கணும்," என்றார். தோட்டத்துக்கு நான்கு கிலோமீற்றர், 700 ரூபாய் கேட்டார். அந்தப் பாதையைப் பார்த்த பிறகு பேரம் பேச மனம் வரவில்லை.

வண்டியில் போகும்போதே நான் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கினேன். ஏனென்று சொல்லிவிடுகிறேன். எங்கள் வழக்கத்தில் பிள்ளையின் காதைத் தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்துவார்கள். தாரணிக்கு ஒரே ஒரு தாய்மாமன், ஜெயந்தியின் அண்ணன் குமார். மூன்று வருடமாக வளைகுடா நாடொன்றில் கட்டட வேலை. மாமன் வரட்டும், வரட்டும் என்று மூன்று வயதில் குத்தவேண்டிய காதை ஐந்துக்குத் தள்ளினார்கள். இப்போதும் அவருக்கு லீவு கிடைக்கவில்லை. ஆறில் குத்தக்கூடாது, ஒற்றைப்படை வயதாக இருக்கவேண்டும். அதோடு மறுநாளே அவரைப் பாலைவனத்துக்குள் ஒரு புது முகாமுக்கு அனுப்புகிறார்கள், அங்கே மாதக்கணக்கில் தொலைபேசி எடுக்காதாம். ஆகவே மடிக்குப் பதிலாக வீடியோ அழைப்பு என்று முடிவாகியிருந்தது.

சனிக்கிழமை ராகுகாலம் பத்தரைக்கு முடியும். அங்கே அப்போது காலை எட்டு மணி, குமாருக்குத் தேநீர் இடைவேளை. மேற்பார்வையாளரிடம் கெஞ்சி, நம் கடிகாரத்தில் பதினொரு மணிவரை நேரம் வாங்கியிருந்தார். இரண்டு நாட்டுக் கடிகாரமும் பஞ்சாங்கமும் ஒத்துப்போனது அந்த ஒரே அரைமணியில்தான்.

இன்னொரு காரணமும் உண்டு. போன வருடம் அவர்களுடைய அப்பா இறந்தபோதும் குமாரால் வரமுடியவில்லை. வீடியோவில் காட்டினார்கள். பாடையைத் தூக்கிய நேரத்தில் படம் உறைந்துவிட்டது, சத்தமும் நின்றுவிட்டது. அவர் அங்கே ஒரு கட்டிலில் உட்கார்ந்து, அசையாத அந்தப் படத்தையே அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தாராம். இங்கே எல்லாம் முடிந்து குளித்துவிட்டு வந்தவர்களுக்கு அது தெரியாது. ஜெயந்தி இதை எனக்குச் சொன்ன ஒவ்வொரு முறையும் அழுதிருக்கிறாள்.

ஒன்பதே காலுக்குத் தோட்டத்தில் இறங்கினேன். லயத்து, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளின், வாசலில் வாழைமரம் கட்டியிருந்தது. ஜெயந்தி பட்டுச்சேலையோடு ஓடிவந்து என் கையைப் பிடித்தாள்.

"அக்கா, நீங்க வந்துட்டீங்க, இனி எனக்குப் பயமில்ல. போன் வேல செய்யலக்கா. நீங்கதானே போன் ஆளு."

போன் ஆளு! எனக்குக் கோபுரம் ஏறத் தெரியாது என்று அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? "கொண்டா, பாப்போம்," என்றேன்.

வீட்டில் ஸ்மார்ட்போன் ஒன்றுதான், அது அவள் கணவன் முருகேசுவிடம். ஜெயந்தியிடம் இருப்பது பொத்தான் போன். முருகேசு நல்ல மனிதன், ஆனால் கையைக் காலை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டான். என்னைக் கண்டதும் தலையைச் சொறிந்தான்.

"அக்கா, கோல் போகலன்னதும் அந்த ஆப்ப அழிச்சிட்டுத் திரும்பப் போடலாம்னு பாத்தேன்."

"அழிச்சிட்டியா?"

"அழிச்சிட்டேன். ஸ்டோர் கடையில வைஃபை இருக்குன்னு அங்க போயித் திரும்பவும் எறக்கிட்டேன். ஆனா நம்பர் எல்லாம் குடுத்ததும் எஸ்எம்எஸ்ஸுல ஒரு கோட் வரும், அத அடின்னு கேக்குது. அஞ்சு தடவ கேட்டுட்டேன். வரமாட்டேங்குது."

எப்படி வரும்? குறுஞ்செய்தி கொண்டுவரவேண்டிய கோபுரமே விழுந்து கிடக்கிறது. வேலையில் மாதம் ஒருமுறையாவது இந்த அழைப்பு எனக்கு வரும், அப்போதெல்லாம் தேன் தடவிய குரலில் பதில் சொல்வேன். அன்று, "ஏன்டா தம்பி, வீடு பூட்டியிருந்தா சாவிய ஆத்துல போடுவியா?" என்று கத்தியேவிட்டேன். வாசிப்பவர்கள் தயவுசெய்து இதை மனதில் எழுதிக்கொள்ளுங்கள். வலையமைப்பு போனால் செயலியை அழிக்காதீர்கள். ஏற்கெனவே பதிவான செயலிக்கு உங்கள் சிம் உயிரோடு இருக்கவேண்டிய அவசியமில்லை, எங்கிருந்தாவது இணையம் கிடைத்தால் போதும். அழித்துவிட்டால்தான் சிம் வேண்டும்.

ஸ்டோர் கடை என்பது தேயிலைத் தொழிற்சாலைக்கு அருகிலுள்ள கடை, கீழே ஒரு கிலோமீற்றர். அங்கேயே போய் என் தொலைபேசியில் பேசலாமே என்று உடனே நினைத்தேன். முருகேசு உதட்டைப் பிதுக்கினான். அவன் திரும்பி வரும்போதே மின்சாரம் போய்விட்டதாம், வைஃபையும் கூடவே போயிருக்கும். தோட்ட அலுவலகத்தில் நிலைத் தொலைபேசி உண்டு, வெளிநாட்டுக்கு எடுக்கமுடியாதபடி பூட்டியிருக்கிறார்கள். தலவாக்கலைக்கு ஓடிப்போய் வேறு சிம் வாங்கலாம் என்றால், அந்தப் பாதையில் போய்ப் பதிவு செய்து திரும்புவதற்குள் பதினொரு மணி தாண்டிவிடும். ஒவ்வொரு வழியாக அடைத்துக்கொண்டு வந்தது. எனக்குப் பயத்தைவிட ஆத்திரம்தான் வந்தது. ஒரு கோபுரம் படுத்ததற்காக இந்த மனிதர் இரண்டாவது தடவையும் உறைந்த படத்தைப் பார்க்கவேண்டுமா? மாட்டார், பார்த்துக்கொள்ளலாம் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

அங்கே இன்னொரு சிக்கல், எல்லோரிடமும் ஒரே கம்பனி சிம். அந்தப் பள்ளத்தில் அதுதான் நன்றாக எடுக்கும், அதே கம்பனிக்குள் பேசினால் மலிவும்கூட. ஆகவே ஒருவர் வாங்கியதை லயமே வாங்கியிருக்கிறது. விருந்துக்கு வந்த சொந்தக்காரர்களும் அதே. நானும் அதே. அத்தனை தொலைபேசிகளும் ஒரே நேரத்தில் வெறும் கண்ணாடித் துண்டுகளாகிவிட்டன.

என் தொலைபேசியின் அமைப்புகளில், வலையமைப்பைத் தானாகத் தேர்வதை நிறுத்திவிட்டு, கைமுறையாகத் தேடச் சொன்னேன். இப்படிச் செய்தால் அந்த இடத்தில் எந்தெந்தக் கம்பனியின் அலை வருகிறது என்று பட்டியல் காட்டும். நம் சிம்மால் அவற்றில் சேரமுடியாது, ஆனால் காற்றில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். லயத்தில் ஒன்றும் இல்லை. காதுகுத்து நடக்கவிருந்த மாரியம்மன் கோயிலடியில் ஒன்றும் இல்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கோயிலுக்கு மேலே போகும் தேயிலை மலைப்பாதையில் ஏறினேன். முருகேசு குடை பிடித்துக்கொண்டு பின்னாலேயே வந்தான், மழை இல்லாவிட்டாலும். சுமார் முந்நூறு மீற்றர் ஏறியதும் ஒரு வளைவு. அங்கே தேடல் முடிந்தபோது, வேறொரு கம்பனியின் பெயர் பட்டியலில் இருந்தது!

"எதிர்மலையில அந்தக் கம்பனி டவர் இருக்குக்கா," என்றான் முருகேசு. "ஆனா நம்ம ஆளுங்ககிட்ட அந்த சிம் இல்லையே."

"உங்க ஆளுங்ககிட்ட இல்லைன்னு எப்படித் தெரியும்? கேட்டியா?"

கேட்பதற்கு வழி கோயிலிலேயே இருந்தது. மலையகக் கோயில் ஒலிபெருக்கியைக் கேட்டவர்களுக்குத் தெரியும், அதற்கு முன்னால் எந்தத் தொலைபேசிக் கம்பனியும் நிற்கமுடியாது. விழாவுக்காக வாடகைக்கு எடுத்த மின்பிறப்பாக்கி ஓடிக்கொண்டிருந்தது, பக்திப் பாட்டு போய்க்கொண்டிருந்தது. முருகேசு பாட்டை நிறுத்தி மைக்கைப் பிடித்தான்.

"அன்பான தோட்டத்து மக்களுக்கு வணக்கம். வேற கம்பனி சிம் வச்சிருக்கிறவங்க யாராச்சும் இருந்தா ஒடனே கோயிலுக்கு வாங்க. தாரணி பாப்பாவோட மாமா லைனுக்கு வரணும். மேல் கணக்கு, கீழ்க் கணக்கு, எல்லாரும் கேட்டுக்குங்க."

மேல் கணக்கு, கீழ்க் கணக்கு என்பவை ஒரே தோட்டத்தின் பிரிவுகள். மூன்று தடவை அறிவித்தான். நான் கோயில் படியில் உட்கார்ந்து பாதையையே பார்த்தேன். பத்து மணிக்குக் கொஞ்சம் முன்னால், மேல் கணக்குப் பக்கமிருந்து ஒரு பெண் வேகமாக இறங்கி வந்தார். முப்பது வயது இருக்கும், கழுத்தில் சிலுவைச் சங்கிலி. தோட்டப் பள்ளிக்கூடத்து ஜெசிந்தா டீச்சர்.

"சிம் மட்டும் இல்லீங்க, இது இருக்கு," என்று கைப்பையிலிருந்து ஒரு சின்ன ரவுட்டரை எடுத்தார். சோப்புக்கட்டி அளவுதான், உள்ளே சிம் போட்டு வைஃபை கொடுக்கும் சாதனம். பள்ளிக்கூடம் மூடியிருந்த காலத்தில் இணையவழிப் பாடத்துக்காக வாங்கியதாம். "ஆனா இது லயத்துல எடுக்காதுங்க. நான் பாடம் நடத்த கவ்வாத்துச் சாமி வளைவுக்குத்தான் போவேன். அங்கதான் ரெண்டு கோடாவது காட்டும்."

நான் கண்டுபிடித்த அதே வளைவு. அப்போதுதான் அங்கே ஓரத்தில் மஞ்சள் பூசிய கல்லொன்று நின்றது நினைவுக்கு வந்தது. தேயிலைச் செடிகளை வெட்டிவிடும் வேலைக்குக் கவ்வாத்து என்று பெயர். அந்த வேலை தொடங்கும் நாளில், கத்தி காலில் படாமல் காப்பாற்று என்று மலையிலேயே ஒரு கல்லை நட்டுக் கும்பிடுவார்கள். அதுதான் கவ்வாத்துச் சாமி.

அப்படியானால் அழைப்பைக் கோயிலுக்குக் கொண்டுவர முடியாது. ரவுட்டரை வளைவில் வைத்தால் அதன் வைஃபை முந்நூறு மீற்றருக்கு எட்டாது. கோயிலில் வைத்தால் அதற்குச் சிக்னல் கிடையாது. "காதுகுத்த அங்க வச்சிக்கலாம்," என்று நான் சாதாரணமாகச் சொல்லிவிட்டேன். பூசாரி ஐயா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தார்.

"என்னம்மா பேசுறீங்க? மாரியம்மா முன்னுக்கு நடக்கவேண்டியத தேயில மலையில வச்சிக்கிறதா? கவ்வாத்துச் சாமிய கவ்வாத்து நேரத்துலதான் கும்பிடணும். மத்த நேரத்துல அதப் போயி எழுப்பக்கூடாது."

"ஐயா, சாமி தூங்குமா?" என்று நான் கேட்டது தப்புதான். ஜெசிந்தா டீச்சர் என் கையைக் கிள்ளினார். ஆசாரி, அதாவது காது குத்தத் தலவாக்கலையிலிருந்து வந்திருந்தவர், ஊசியை வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் பார்த்தார். சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு கருத்துச் சொல்ல ஆரம்பித்தார்கள். இங்கேயே குத்திவிட்டு நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்றார் ஒருவர்.

ஜெயந்தி தாரணியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"நாளைக்கு எங்க அண்ணே போன் எடுக்காத எடத்துக்குப் போறாங்க. அப்பா சாவுல அவங்களுக்கு ஒண்ணுமே கெடைக்கல. ஐயா, நீங்க மன்னிச்சிக்குங்க. நான் மேல போறேன். யாரு வாறீங்களோ வாங்க."

சொல்லிவிட்டு நடந்தேவிட்டாள். பட்டுச்சேலை, வெறுங்கால், இடுப்பில் ஐந்து வயதுப் பிள்ளை. முதலில் நானும் டீச்சரும் பின்னால் போனோம், அடுத்தது ஆசாரி. பாதி தூரம் ஏறித் திரும்பிப் பார்த்தால் கூட்டமே வருகிறது, பாயும் பழத்தட்டும் தேங்காயும் தலைக்கு மேலே மிதந்து வருகின்றன. கடைசியில் பூசாரி ஐயா, மூச்சு வாங்க, கற்பூரத் தட்டோடு.

"எழுப்பினா எழுப்பினதுதான்," என்று வளைவில் வந்து நின்று சொன்னார். "கவ்வாத்துச் சாமிக்கும் ஒரு தேங்கா எடுங்கப்பா. சும்மா எழுப்பினாத்தான் கோவிச்சிக்கும்."

பத்தரைக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது ரவுட்டரைக் கல்லுக்குப் பக்கத்தில், ஒரு தேயிலைச் செடியின் தலைமேல் வைத்தோம். இரண்டு கோடு. என் தொலைபேசியை அதில் இணைத்து, முருகேசுவின் தொலைபேசியில் சேமித்திருந்த குமாரின் எண்ணுக்கு என் செயலியிலிருந்து அழைத்தேன். அவர் இருக்கும் நாட்டில் எல்லா அழைப்புச் செயலிகளும் வேலை செய்யாது. நல்லவேளையாக அங்கே வேலை செய்கிற அந்த ஒன்று என்னிடமும் இருந்தது, இல்லாவிட்டால் இத்தனை ஏற்றமும் வீண். மணி அடித்தது. துண்டித்துவிட்டார். மறுபடி அடித்தேன், மறுபடி துண்டித்தார். எனக்கு முதலில் விளங்கவில்லை, பிறகுதான் உறைத்தது. அவர் முருகேசுவின் எண்ணுக்குத் திரும்பத் திரும்ப அடித்துக்கொண்டிருக்கிறார். நடுவில் தெரியாத எண்ணிலிருந்து யாரோ வந்தால் யார் எடுப்பார்கள்?

"ஜெயந்தி, பேசு. சத்தமா பேசு, அனுப்புறேன்," என்று குரல் பதிவுப் பொத்தானை அழுத்திப் பிடித்தேன்.

"அண்ணே, நான்தான் ஜெயந்தி. இது எங்க அக்காவோட நம்பர். டவரு இல்ல. வெட்டாம எடுங்கண்ணே."

குரல் பதிவு சின்னது, பலவீனமான இணையத்திலும் ஊர்ந்து போய்விடும். இரண்டு நீல அடையாளம் விழுந்த அடுத்த நொடியே அவர் அழைத்தார். வீடியோ. தலையில் மஞ்சள் தொப்பியோடு ஒரு முகம் வந்தது. "ஜெயந்தி" என்றது. உறைந்துவிட்டது.

வாயைத் திறந்தபடி அப்படியே நின்ற அந்த முகத்தைப் பார்த்து ஜெயந்தி ஒரு சத்தம் போட்டாள் பாருங்கள், அது இன்னும் என் காதில் இருக்கிறது. நான் யோசிக்கவே இல்லை. அழைப்பைத் துண்டித்தேன். செயலியின் அமைப்பில் குறைந்த தரவு முறையைப் போட்டேன். சுற்றிலும் நின்ற எல்லோரையும் பார்த்து, "டீச்சரோட வைஃபையில வேற யாராவது இருந்தா இப்பவே விடுங்க," என்று கத்தினேன். இரண்டு பேர் திருட்டுமுழி முழித்துக்கொண்டு தொலைபேசியை அணைத்தார்கள். டீச்சர் கடவுச்சொல்லை ஒட்டுத்தாளில் எழுதி ரவுட்டரின் முதுகிலேயே ஒட்டியிருந்தார், என்ன செய்வது. பிறகு படம் இல்லாமல், குரல் மட்டும் அழைத்தேன்.

"குமார் அண்ணன், நான் ஜெயந்தியோட கூட்டாளி. படம் வேணாம். படம் போட்டா நின்னுரும். குரல் மட்டும்னா கடைசி வரைக்கும் வரும். சரியா?"

"படம் வேணாங்க," என்றார். "எனக்குப் படம் வேணவே வேணாம். கேட்டாப் போதும்."

பாயை விரித்தார்கள். குமார் அங்கிருந்து ஒரு சிநேகிதனிடம் கொடுத்தனுப்பிய துண்டை ஜெயந்தி தன் மடியில் விரித்து, அதன்மேல் தாரணியை உட்காரவைத்தாள். மாமன் மடி இல்லாவிட்டாலும் மாமன் துண்டு. பூசாரி ஐயா கற்பூரம் காட்டினார். பெண்பிள்ளைக்கு இடது காதுதான் முதலில். தாரணி என் தொலைபேசியை வலது காதில் வைத்து இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டாள். ஒரு காதில் மாமா, மறு காதில் ஊசி. வீடியோவாக இருந்திருந்தால் தொலைபேசி யாரோ ஒருவருடைய கையில் தூரத்தில் நின்றிருக்கும். அவர் என்ன சொன்னார் என்று எங்களுக்குக் கேட்கவில்லை. ஊசி போகும்வரை அவள் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தாள், ஆசாரிதான் பாவம். போனதும் வீரிட்டாள்.

அடுத்து வலது காது. தொலைபேசியை இடது காதுக்கு மாற்றமுடியாது, அது இப்போதுதான் குத்திய காது. மாமா போன இடம் தெரியாமல் பிள்ளை துள்ளித் துள்ளி எழுந்தது, மூன்று பேர் பிடித்தும் நிற்கவில்லை. நான் தொலைபேசியின் ஸ்பீக்கரைப் போட்டு, அதைத் துண்டின்மேல் வைத்தேன். "அழாத கண்ணு, அழாத" என்று சுற்றிலும் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதற்கு நடுவில் அந்தக் குரல் வந்தது, சில்லென்ற அந்த மலையில் எல்லோருக்கும் கேட்கும்படி.

"அழு தங்கம். நல்லா அழு. சத்தமா அழு, மாமாவுக்குக் கேக்கணும்."

மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். தாரணி ஒரு கணம் தொலைபேசியைப் பார்த்தாள். பிறகு மாமா கேட்டபடியே, எதிர்மலைக் கோபுரத்துக்கு நேராகவே எட்டுகிற மாதிரி அழுதாள். ஆசாரி அந்த நேரத்தில் தன் வேலையை முடித்துவிட்டார்.

"கேட்டுச்சா அண்ணே?" என்றாள் ஜெயந்தி.

"கேட்டுச்சு. எல்லாமே கேட்டுச்சு. தேங்கா ஒடச்சது, ஐயா மணி அடிச்சது, எல்லாம்." அவர் அழுகிறார் என்பது எங்களுக்கும் கேட்டது. "இந்த வாட்டி எதுவும் நிக்கல ஜெயந்தி." நமக்குப் பதினொரு மணியானபோது அங்கே யாரோ விசில் ஊதினார்கள். "போகணும்" என்றார், வைத்துவிட்டார்.

கீழே இறங்கிக் கோயிலில் மாரியம்மாளுக்கும் ஒரு பூசை. அம்மனுக்குக் கோபமா என்று நான் கேட்டதற்குப் பூசாரி ஐயா, "அவ ஒண்ணும் கோவிச்சிக்கல," என்றார். சோறு, ஆட்டுக்கறி, பருப்பு. ஜெசிந்தா டீச்சருக்கு முதல் பந்தியில் இலை. முருகேசு எனக்குப் பரிமாறும்போதெல்லாம் தலையைச் சொறிந்துகொண்டே பரிமாறினான், நானும் அவனைக் கடைசிவரை விடவில்லை.

இனி, நீங்கள் இப்படி ஒரு பயணம் போவதாக இருந்தால்: தோட்டத்துக்குள் போகுமுன் ஹட்டனிலோ தலவாக்கலையிலோ வேறு கம்பனியின் சிம் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அடையாள அட்டை வேண்டும், கடைகள் ஒன்பதுக்குப் பிறகுதான் திறக்கும். உறவினர் எல்லோரும் ஒரே கம்பனி என்றால் ஒருவராவது மாறி இருங்கள். தடை வந்தால் முதலில் கைமுறையாக வலையமைப்பைத் தேடிப் பாருங்கள், ஒரு வளைவு ஏறினால் கதை மாறும். முக்கியமான அழைப்புக்கு இரண்டாவது எண் ஒன்றையும் முன்கூட்டியே அந்தப் பக்கம் சொல்லி வையுங்கள், நாங்கள் அதைச் செய்யாததால்தான் இரண்டு தடவை வெட்டு வாங்கினோம். சிக்னல் மெலிந்திருந்தால் படத்தை விட்டுவிட்டுக் குரலைப் பிடியுங்கள். செயலியை அழிக்காதீர்கள், முருகேசுவுக்காக இதை மறுபடியும் சொல்கிறேன். திரும்பும்போது வட்டகொடையிலிருந்து தலவாக்கலைக்குப் பேருந்து கிடைக்காவிட்டால் முச்சக்கரவண்டி 900 ரூபாய் வரை கேட்பார்கள்.

எனக்கு அந்த நாளில் ஒரு நீர்வீழ்ச்சியும் தெரியவில்லை. புகைப்படம்கூட எடுக்கவில்லை, தொலைபேசி வேறு வேலையாக இருந்தது. ஆனால் இத்தனை பயணங்களில் இவ்வளவு மனநிறைவோடு நான் திரும்பியதில்லை. என் வேலையில் அழைப்பு இணைந்தவுடன் அடுத்த வாடிக்கையாளருக்குப் போய்விடுவேன். இணைந்த பிறகு என்ன பேசினார்கள் என்று கேட்டது இதுதான் முதல் தடவை.

மாலை நாலரைக்கு என்னை வழியனுப்ப ஜெயந்தி, முருகேசு, தாரணி மூன்று பேரும் சந்திக்கு வந்திருந்தார்கள். பேருந்துக்காக நிற்கும்போது முருகேசுவின் சட்டைப்பையில் தொலைபேசி கத்தத் தொடங்கியது. வலையமைப்பு வந்துவிட்டது. காலையில் அவன் கேட்ட ஐந்து குறியீடுகளும் ஒன்றன்பின் ஒன்றாக வந்து விழுந்தன, எல்லாமே காலாவதி. புதிதாக ஒன்று கேட்டு வாங்கி, செயலியைப் பதிவு செய்து கொடுத்தேன். "மாமாவுக்கு ஏதாச்சும் சொல்லு, அந்த முகாமுக்குப் போறதுக்குள்ள கேப்பாங்க," என்று ஜெயந்தி பதிவுப் பொத்தானை அழுத்திப் பிடித்தாள். தாரணி இரண்டு காதிலும் தோடு மின்ன, வாயைத் தொலைபேசியோடு ஒட்டிவைத்துச் சொன்னாள்:

"மாமா, வலிச்சிச்சு. அடுத்த வாட்டி போன் வேணாம். நீயே வா."